திருவையாற்றில் சிவாஜி ஏன் தோற்றார்? நடிகர்கள் தேர்தலில் நிற்பது பற்றி ஒரு பதில்

கேட்டிருப்பவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர். ரசிகர் மன்றத்தில் இருக்கிறார். 2025 செப்டம்பர் 20 அன்று திருவாரூரில் விஜய் பேசியதைக் கேட்கப் போயிருக்கிறார். வீடு திரும்பியதும் அப்பா பிடித்துக்கொண்டாராம்: "கூத்தாடிகளை நம்பித்தான் இந்த நாடு குட்டிச்சுவரானது. ஆற்றில் தண்ணீர் வராத அன்றைக்கு எந்த நடிகன் வந்து வரப்பில் நின்றான்?" அப்பா சொல்வது சரியா, நடிகர்கள் தேர்தலில் நிற்கலாமா கூடாதா, ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக நிற்க எனக்கு ஆசை, அதுவும் தவறா என்று மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாக அனுப்பியிருக்கிறார். மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று இந்த வட்டாரத்திலேயே செய்தியாளனாகக் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார் போலும்.

தம்பி, நிற்கலாமா என்ற கேள்விக்கு விடை ஒரு வரிதான். இந்தியக் குடிமகனாக இருந்து, 25 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் யாரும் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். அரிசி ஆலை முதலாளிக்கும் சாலைக் காண்டிராக்டருக்கும் உள்ள உரிமை நடிகருக்கும் உண்டு. இதில் வாதாட ஒன்றுமில்லை.

உங்கள் அப்பாவின் பேச்சில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதியை நான் ஏற்கவில்லை. ஆட்டத்தையும் பாட்டையும் விடிய விடிய ரசித்துவிட்டு, ஆடியவரைத் திண்ணையில் ஏறவிடாமல் வாசலிலேயே நிறுத்திய ஊர்கள் நம்முடையவை. தவிலும் நாகசுரமும் இல்லாமல் இங்கே எந்தக் கோயில் தேரும் நகராது; வாசித்தவருக்கு மட்டும் தனிக் குவளை. அந்தப் பழைய மிராசு மனப்பான்மையின் மிச்சம் இந்தக் 'கூத்தாடி'ப் பேச்சில் இருக்கிறது. வேலி வேலியாக நிலம் வைத்திருந்தவர் தேர்தலில் நின்றபோது அவருக்கு ஆட்சி செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. ஜெயலலிதாவைப் பற்றி இந்தப் பக்கத்து மேடைகளில் பேசப்பட்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அச்சில் ஏற்ற முடியாமல் அடித்துவிட்டவன் நான். அவரது ஆட்சியில் குறை சொல்ல எவ்வளவோ இருந்தன. அவற்றைப் படித்துவிட்டு வந்து பேச அலுப்புப்பட்டவர்கள்தான் 'நடிகை' என்று ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது பகுதி அப்படியல்ல. தண்ணீர் வராத அன்றைக்கு யார் வந்து நின்றார்? டெல்டாக்காரன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் அதை நடிகரிடம் மட்டும் கேட்டுவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிறார் உங்கள் அப்பா. என் வாதம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். அதற்கு முன் திருவையாற்றுக்குப் போய்வர வேண்டும்.

1989 சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்து, அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்து கிடந்த நேரம். நெடுங்காலம் காங்கிரஸில் இருந்த சிவாஜி கணேசன் அங்கிருந்து வெளியேறி, 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற கட்சியைத் தொடங்கியிருந்தார். ஜானகி அணியோடு கூட்டு. அவர் நிற்கத் தேர்ந்தெடுத்த தொகுதி திருவையாறு. காரணம் சொல்லத் தேவையில்லை. பிறந்தது விழுப்புரம் என்றாலும் அவருடைய பூர்வீகம் தஞ்சையை அடுத்த சூரக்கோட்டை. நிலமும் வீடும் அங்கே. சொந்த மண், சொந்த சாதியார் நிறைந்த தொகுதி, தமிழ் பேசும் எந்த ஊரிலும் அடையாளம் சொல்லத் தேவையில்லாத முகம். கூட்டத்துக்கும் குறைவில்லை. வாக்கு எண்ணியபோது தி.மு.க.வின் துரை.சந்திரசேகரனிடம் பத்தாயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றுப்போனார். அவருடைய கட்சி வேறு எந்தத் தொகுதியிலும் வெல்லவில்லை.

இந்தத் தோல்வியை விளக்க ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சிவாஜி திரையில் அழுதார், எம்.ஜி.ஆர். திரையில் ஏழையைக் காப்பாற்றினார், அதனால்தான் ஒருவருக்கு ரசிகர்களும் இன்னொருவருக்கு வாக்காளர்களும் கிடைத்தார்கள் என்பது அதில் ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. அன்றைய திருவையாறு தொகுதியில் ஒவ்வொரு ஊரிலும் தி.மு.க.வுக்குக் கிளைச் செயலாளர் இருந்தார். அவருக்கு மேல் ஒன்றியம். அதற்கு மேல் மாவட்டம். வாக்குச்சாவடியில் உட்காரும் முகவருக்கு ஊரில் யார் உயிரோடு இருக்கிறார், யார் திருப்பூருக்குப் போயிருக்கிறார் என்பது மனப்பாடம். சிவாஜியிடம் இருந்தது ரசிகர் மன்றம். அதுவும் காலமெல்லாம் காமராஜருக்கும் காங்கிரஸுக்கும் கொடி பிடித்துப் பழகிய மன்றம். ஒரே ஆண்டுக்குள் அதைக் கட்சியாக்கிக் களத்தில் இறக்கினால் அது என்ன செய்யும்? கட்-அவுட் வைத்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது சிவாஜியை வென்றவர்தான். அந்தத் துரை.சந்திரசேகரன் 2016இலும் அதே திருவையாற்றில் வென்றார், 2021இலும் வென்றார். முப்பதாண்டுகளுக்கு மேல் தொகுதியோடு ஒட்டிக்கொண்டிருந்த உள்ளூர் அரசியல்வாதி அவர். அவருடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் நடிகர் அரசியலைப் பற்றிப் பேசும் எல்லோரும் சிவாஜி தோற்றதைச் சொல்லிவிட்டு, அவரைத் தோற்கடித்தவர் பெயரை மறந்துவிடுகிறார்கள்.

எம்.ஜி.ஆர். மட்டும் எப்படி ஜெயித்தார் என்று உடனே கேட்பீர்கள். கண்டியில் பிறந்து, தகப்பனை இழந்து, கும்பகோணத்துக்கு வந்து ஆனையடிப் பள்ளியில் கொஞ்ச நாள் படித்து, வறுமை தாங்காமல் நாடகக் கம்பெனிக்குப் போன பையன் அவர். பட்டினியைக் கும்பகோணத்தில் பார்த்தவர் என்பதால் 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவர் பேசியதில் நடிப்பு இல்லை என்று அவரை எதிர்த்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1977இல் முதலமைச்சர் நாற்காலிக்கு அவரைக் கொண்டுபோனது படம் மட்டும் அல்ல. 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் பரங்கிமலைச் சட்டமன்ற உறுப்பினர், பிறகு தி.மு.க. பொருளாளர். 1972 அக்டோபரில் அவரைக் கட்சியை விட்டு நீக்கியபோது, கட்சி நடத்தத் தெரிந்த ஒரு கூட்டமே அவரோடு வெளியே வந்தது. அகில உலக எம்.ஜி.ஆர். மன்றத்தை நடத்தியவர் காவிரிக்கரைக்காரரான முசிறிப்புத்தன். ஊருக்கு ஊர் இருந்த அந்த மன்றங்கள் ஒரே இரவில் கட்சிக் கிளைகளாகப் பெயர்ப்பலகை மாறின. உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே பத்துத் தேர்தல் வேலை பார்த்த கைகள்.

சொல்லப்போனால் இந்தத் தொடர்பு டெல்டாவுக்குப் புதிதே அல்ல. கே.ஆர்.ராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபா தஞ்சையில் அண்ணாவின் நாடகங்களைப் போட்ட காலத்திலேயே இங்கே மேடையும் கட்சியும் ஒன்றுக்குள் ஒன்று. திருக்குவளைக் கருணாநிதி சினிமாவுக்கு வசனம் எழுதிப் பேர் வாங்கியவர்தான். ஆனாலும் 1957இல் குளித்தலையில் வென்று சட்டமன்றத்துக்குப் போனதும் அவர் பேசிய முதல் பேச்சு நங்கவரம் பண்ணை விவசாயிகளைப் பற்றியது. சினிமாப் புகழை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று தெரிந்த ஆட்கள் அவர்கள்.

எம்.ஜி.ஆர். ஆட்சி டெல்டாவுக்குச் செய்ததில் சத்துணவைப் பேசும் அளவுக்கு வேறு ஒன்றை யாரும் பேசுவதில்லை. 1980 நவம்பரில் ஊர்க் கணக்கரான கர்ணம், ஊர் அதிகாரியான மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை ஒழித்தார். தஞ்சை மாவட்டக் கிராமத்தில் பட்டாமணியம் என்றால் என்ன என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். நிலவரியான கிஸ்தி வசூலிலிருந்து யார் பெயரில் சாகுபடி என்று அடங்கல் பதிவேட்டில் எழுதுவது வரை அவர்கள் கையில். அந்த இடத்தில் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் உட்கார்ந்தார். சேரியில் பிறந்த பெண் ஒருத்தி தேர்வில் தேறி, பட்டாமணியம் உட்கார்ந்த அதே ஊரில் கணக்கு எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். நிலவுடைமையில் ஊறிய கட்சித் தலைவர் எவரும் அவ்வளவு எளிதில் கை வைத்திருக்க மாட்டார். ஊருக்கு வெளியே இருந்து வந்த புகழுக்கு அந்த ஒரு வசதி உண்டு; உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. நடிகர் வருவதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான காரணமாக இதைத்தான் கருதுகிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. ஒரே முகத்தைச் சுற்றி எழுந்த கட்சியில் இரண்டாவது முகம் வளராது. பட்டுக்கோட்டைப் பக்கத்து எஸ்.டி.சோமசுந்தரம் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் வருவாய்த் துறை வைத்திருந்தவர். இந்த மாவட்டத்தின் குரல் என்று சொல்லலாம். 1984இல் முரண்பட்டு வெளியேறி 'நமது கழகம்' கண்டார். அந்தக் கட்சி எங்கே என்று இன்று தேடினால் கிடைக்காது.

இப்போது உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். டெல்டாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்ன? சட்டம் இயற்றுவது என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் பார்த்த வேலை வேறு.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிகிற நேரம், எதிர்பாராத மழை. எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையம் ஒன்றில் களத்தில் இடமில்லாமல் சாலையோரம் வரைக்கும் நெல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே வாங்கிய நெல் மூட்டைகள், சிப்பங்கள் என்போம், லாரி வராமல் அட்டியடுக்கிக் கிடந்தன. தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டால் வெதுவெதுப்பாகச் சூடு. அடி மூட்டையின் சாக்கு இழை வழியாக வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக் கூடாது என்பது விதி. அதைத் தளர்த்த வேண்டுமென்றால் ஒன்றிய அரசு ஆய்வுக்குழு அனுப்பிப் பார்த்து அனுமதி தர வேண்டும். கருவியில் 21 காட்டியது. பட்டியல் எழுத்தர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பருவகாலப் பணியாளர், எடை குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். நான்கு நாட்களாக நெல்லுக்குக் காவல் படுத்திருந்த ஓர் அம்மாள், "ஐயா, மெஷினைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள்" என்றார்.

அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வந்தார். பெயர் வேண்டாம். சிப்பத்தின் மேல் உட்கார்ந்தார். பேச்சு எதுவும் இல்லை. கைப்பேசியை எடுத்து மண்டல மேலாளர், லாரி ஏற்பாட்டாளர், கிடங்குப் பொறுப்பாளர் என்று ஒவ்வொருவராகப் பிடித்தார். யாரிடம் கெஞ்ச வேண்டும், யாரிடம் குரலை உயர்த்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கிடங்கில் இடமில்லை என்று ஒருவர் சொல்ல, எந்தக் கிடங்கில் எந்த வரிசை காலி என்று இவரே சொன்னார். இருட்டுவதற்குள் இரண்டு லாரிகள் வந்தன. களம் காலியானதும் ஈர நெல்லைப் பரப்பிக் காயவைக்க இடம் கிடைத்தது. இவ்வளவுதான் நடந்தது. அந்த மனிதரின் படத்தை யாரும் சட்டையில் குத்திக்கொண்டதில்லை. அவர் யோக்கியர் என்றுகூட நான் சான்றிதழ் தரமாட்டேன். வேலை தெரிந்தவர்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். மேட்டூர் ஜூன் 12 திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். கல்லணையில் வெண்ணாறு, காவிரி, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். உங்கள் ஊர் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் முனை. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பில் ஒரு ஷட்டர் பழுதென்றாலும், இடையில் ஒரு வாய்க்கால் தூர்வாரியதாகக் கணக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தாலும், தலைஞாயிறு வரை போக வேண்டிய தண்ணீர் போகாது. அந்த மதகைப் பற்றித் தெரிந்தவர், நீர்வளத் துறைப் பொறியாளரிடம் பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவர் யாராவது ஒருவர் வேண்டும். முதலமைச்சர் ஆக நினைக்கும் நடிகரால் இதைச் செய்ய முடியாது. செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. உங்கள் அப்பா அந்த இடத்தில்தான் ஆளை மாற்றிக் கேட்கிறார். வரப்பில் வந்து நிற்க வேண்டியவர் நடிகர் அல்ல, நடிகர் நிறுத்திய வேட்பாளர்.

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். நடிகர் நிற்பது ஒன்றில். மீதி 233 பேர் யார்? நடிகர் அரசியலுக்கு வரலாமா என்று ஐம்பது ஆண்டுகளாக விவாதிக்கிறோம். இந்த 233 பேரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

விஜயகாந்த் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கி, 2006இல் தனியாக நின்று, விருத்தாசலத்தில் தான் மட்டும் வென்றாலும் மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். 2011இல் கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த 29 பேரில் ஒரு பகுதியினர் ஒருவர் பின் ஒருவராக முதலமைச்சரைச் சந்தித்து ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2016 பிப்ரவரியில் அவர்கள் ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் பதவியே போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் உளுந்தூர்ப்பேட்டையில் விஜயகாந்துக்கு டெபாசிட்டும் போனது. அவருடைய கோபத்தைப் பற்றி, பேச்சைப் பற்றி எவ்வளவோ எழுதினோம். அந்த 29 பேரை யார் தேர்ந்தெடுத்தார்கள், எதற்காக அவர்கள் அந்தக் கட்சிக்கு வந்தார்கள் என்று ஒரு கட்டுரைகூட அன்றைக்கு எங்கள் பக்கத்தில் வந்ததாக நினைவில்லை. வேட்பாளருக்கு நடிகரைத் தவிர வேறு பிடிப்பு இல்லையென்றால், நடிகரை விடப் பெரிய பிடிப்பு ஒன்று கிடைத்த அன்று அவர் போய்விடுவார். ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் கட்சி தொடங்கிய ஒன்பது மாதத்தில், 1983 ஜனவரியில், ஆட்சியைப் பிடித்தார். 1984 ஆகஸ்டில் சொந்த அமைச்சர் நாதெண்ட்ல பாஸ்கர ராவே அவரைக் கவிழ்த்தார். ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்ததால் ஒரு மாதத்தில் நாற்காலி திரும்பக் கிடைத்தது.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் சோற்றோடு சம்பந்தப்பட்டது. காவிரிக்காகத் திரையுலகம் எத்தனையோ முறை வீதிக்கு வந்திருக்கிறது. 2002 அக்டோபரில் பாரதிராஜா முன்னின்று நெய்வேலியில் நடத்திய போராட்டமும், மறுநாள் ரஜினிகாந்த் சென்னையில் தனியாக இருந்த உண்ணாவிரதமும் உங்கள் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தப் பக்கம், கர்நாடகத்து மண்டியாவில் நடிகர் அம்பரீஷை மக்கள் மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று இறுதித் தீர்ப்பு சொன்னதும், அதை எதிர்த்து அவர் ஒன்றிய இணையமைச்சர் பதவியை ராஜினாமா செய்வதாகக் கடிதம் கொடுத்தார். அவர் தம் மக்களுக்கு விசுவாசமாக நடந்துகொண்டார் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ராஜினாமாவால் ஒரு டி.எம்.சி.கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரவில்லை. எண் மாறியது 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தில். கர்நாடகம் எல்லையில் நமக்கு விட வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆனது. குறைந்த 14.75இல் 10 டி.எம்.சி. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால் போனது, 4.75 பெங்களூருவின் குடிநீருக்காகப் போனது. நீரியல் கணக்கும் வக்கீல் வாதமும் மோதிய இடத்தில் முகராசிக்கு வேலையில்லை.

அந்த வழக்கு தொடங்கியதே நடிகராலும் அல்ல, அமைச்சராலும் அல்ல. 1983இல் மன்னார்குடி எஸ்.ரங்கநாதன் முன்னின்ற டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. அந்த மனுவில் 1990இல் பிறந்த உத்தரவின் மேல்தான் நடுவர் மன்றம் அமைந்தது. தேர்தலில் நிற்காமலேயே அவர் இந்த மண்ணுக்குச் செய்துகொடுத்ததைப் பல சட்டமன்ற உறுப்பினர்கள் சேர்ந்தும் செய்யவில்லை. ஆனால் தீர்ப்பு வந்தும் அரசிதழில் ஏறாமல் ஆறு ஆண்டு கிடந்ததே, அதை விடாமல் துரத்தியவர் ஜெயலலிதா. 2013 பிப்ரவரியில் அறிவிக்கை வெளியானதும் தஞ்சையில் விவசாயிகள் விழா எடுத்து 'பொன்னியின் செல்வி' என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வழக்கில் அவர் காட்டிய பிடிவாதம் உண்மை. அது நடிப்பிலிருந்து வந்ததல்ல; கோப்பைப் படிக்கும் பழக்கத்திலிருந்து வந்தது. 1983இல் கட்சியின் கொள்கைபரப்புச் செயலாளர், 1984இல் மாநிலங்களவை, 1989இல் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஏறி வந்த படிகளில் அந்தப் பழக்கம் படிந்தது.

ஆகவே நடிகர் வரட்டும், படியேறி வரட்டும் என்பதுதான் என் வாதம். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். இரண்டு வார்டுகளில் பழுத்த ஊழியர்கள் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். பவன் கல்யாண் 2019இல் நின்ற இரண்டு தொகுதிகளிலும் மண்ணைக் கவ்வினார். ஐந்து ஆண்டு ஆந்திரத்தில் அலைந்தார், கூட்டணி அமைத்தார், 2024இல் அவர் கட்சி நிறுத்திய 21 பேரும் வென்றார்கள். தோல்விக்குப் பிறகு படப்பிடிப்புக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிடாதவர்தான் அரசியல்வாதி. அமிதாப் பச்சன் 1984இல் அலகாபாத்தில் பெரும் வெற்றி பெற்று, 1987இல் போதும் என்று விலகிவிட்டார். அலகாபாத்காரர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

பிரச்சாரத்துக்கு மட்டும் நடிகரை அழைத்து வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011இல் திருவாரூர்ப் பொதுக்கூட்டத்தில் கருணாநிதியை மேடையில் வைத்துக்கொண்டு வடிவேலு விஜயகாந்தை வாங்கு வாங்கென்று வாங்கினார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. திருவாரூரில் கருணாநிதி வென்றார், மாநிலத்தில் கட்சி தோற்றது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவுக்குத்தான் பல ஆண்டு பட வாய்ப்புகள் குறைந்தன. சிரிப்பு சிரிப்பாகவே இருந்தது, வாக்காக மாறவில்லை.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் திருவாரூரில் நின்றதற்கு அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 27 அன்று, கரூரில் விஜய் கூட்டத்து நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். நான் உங்களுக்குச் சொல்வது, கூட்டத்துக்குப் போகும்போது வெளியேறும் வழி எது என்று பார்த்துக்கொண்டு நில்லுங்கள், தங்கையையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக உங்கள் வார்டு. இதை எழுதும்போதுதான் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. ஊரக உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல்கள். யார் படத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, உங்கள் முகத்தைத்தான் காட்ட வேண்டும். 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்து இளைஞர்கள் சுயேச்சைகளாக நின்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றார்கள். அதில் பெரும்பகுதி வார்டு உறுப்பினர்கள். எந்த மாநாட்டையும் விட அதுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. நம் மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. கஜா புயலின்போது, 2018 நவம்பரில், மரம் அறுத்து வழிவிட்டதும், மெழுகுவத்தியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து இறக்கியதும் உங்களைப் போன்ற மன்றத்துப் பையன்கள்தான் என்பதை நான் நேரில் பார்த்தவன். அந்த வாரம் முடிந்ததும் அவர்கள் கலைந்து போனார்கள். பட்டியலில் விடுபட்டவர்களின் நிவாரணத்துக்காகத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்க ஆள் இல்லை.

நிற்பதென்று முடிவெடுத்தால் அதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் வார்டு வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இறந்தவர், இடம்பெயர்ந்தவர், விடுபட்டவர் பெயரைச் சரிபாருங்கள். அடுத்த கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கி, புரியாத வரிகளுக்கு விளக்கம் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பாசன வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து, எந்த மதகு வழியாகப் பிரிகிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, போன வருஷம் எந்தத் தேதியில் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டியது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவது காரியத்துக்கு உங்கள் அப்பாவை விடச் சிறந்த ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். அவரையே அழைத்துக்கொண்டு தலைப்பு வரைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். ரசிகர் மன்றத்தைப் பற்றி வழியில் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.